இந்தியும் தமிழும்



தமிழ்நாட்டிலிருந்து பலர் டெல்லிக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே கடைப் பலகையில் இந்தி. பேருந்தில் இந்தி. ரேஷன் கார்டிலும் இந்தி. இந்திக்கும் தமிழுக்கும் என்ன வேறுபாடு?

தமிழ் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தெலுங்கு, கன்னடம், மலையாளம் அதன் உறவு மொழிகள். இந்தி வேறு குடும்பம். மராத்தி, குஜராத்தி, வங்காளம் அதன் உறவு மொழிகள். இந்தி எழுத்தின் பெயர் தேவநாகரி.

'கடல்' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'தங்கம்' என்று சொல்லுங்கள். 'க' என்ற எழுத்து ஒன்றுதான். ஒலியோ இரண்டு. தமிழுக்கு இந்த ஓர் எழுத்தே போதும். இந்தியில் இவற்றுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. இவ்விரண்டையும் மூச்சை அழுத்திச் சொன்னால் இன்னும் இரண்டு ஒலிகள். அவற்றுக்கும் தனி எழுத்து. ஆக, நான்கு எழுத்துகள்.

இந்தியில் உணவுக்குப் பெயர் 'கானா'. பாட்டுக்கும் 'கானா'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இந்தியில் முதல் எழுத்து வேறு. உணவு கேட்பவர் மூச்சை அழுத்திச் சொல்ல வேண்டும். தங்கத்தில் வரும் 'க' போலச் சொன்னால் பாட்டுக் கேட்டதாகிவிடும்!

தமிழில் இருப்பது சில இந்தியில் இல்லை. 'ழ' இல்லை. 'தமிழ்' என்பதையே அங்கே 'தமில்' என்றுதான் எழுதுகிறார்கள். எ, ஏ இரண்டுக்கும் வழக்கமாக ஒரே குறிதான். செல்வியைச் 'சேல்வி' என்று படித்துவிடலாம்.

பேச்சிலும் வேறுபாடு உண்டு. 'போகிறேன்' என்று ஆணும் சொல்வார், பெண்ணும் சொல்வார். இந்தியில் ஆண் 'ஜாதா ஹூம்' என்பார். பெண் 'ஜாதீ ஹூம்' என்பார். ஆனால் அவன், அவள் இரண்டுக்கும் இந்தியில் 'வஹ்' என்ற ஒரே சொல்தான்.

ஒற்றுமையும் உண்டு. இரண்டு மொழியிலும் வினைச்சொல் கடைசியில் வரும். அதனால் தமிழ் தெரிந்தவருக்கு இந்தி வாக்கியத்தின் அமைப்பு புதிதாக இராது.

இதையெல்லாம் தெரிந்துகொள்வதால் என்ன பயன்? பழனி என்பவர் டெல்லியில் கார்டு வாங்குகிறார் என்று வையுங்கள். ஓர் அலுவலர் அவர் பெயரை ஒரு விதமாக எழுதுவார். இன்னொருவர் வேறு விதமாக எழுதுவார். இரண்டு கார்டிலும் பெயர் ஒத்துவராது. வங்கியில் பணம் எடுக்கப் போனால் தகராறு வரும்.

ஆகவே பெயர் எழுதும்போது முதல் கார்டைக் காட்டுங்கள். அதே எழுத்துகளில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.