லும்பினியில் ஒரு தூண், நிகாலி சாகரில் ஒரு தூண்



புத்தர் என்றொருவர் உண்மையில் வாழ்ந்தாரா என்று கேட்டால், நம்மில் பலர் உடனே லும்பினித் தூணைக் காட்டுகிறோம். நேபாளத் தராய்ச் சமவெளியில் 1896இல் வெளிச்சத்துக்கு வந்த அசோகர் தூண் அது. முடிசூடிய 20ஆம் ஆண்டில் தாமே வந்து வழிபட்டதாகவும், சாக்கியமுனி பிறந்த இடம் என்பதால் அவ்வூருக்கு வரியைக் குறைத்ததாகவும் அசோகர் அதில் வெட்டிவைத்திருக்கிறார். கல்லெழுத்து, அதுவும் பேரரசர் எழுத்து! இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். லும்பினிக்கு வடமேற்கே நிகாலி சாகர் குளக்கரையில் அதே அசோகரின் இன்னொரு தூண் உடைந்து கிடக்கிறது. கோணாகமன புத்தரின் தூபியை 14ஆம் ஆட்சியாண்டில் இருமடங்காகப் பெருக்கிக் கட்டியதாக அது சொல்கிறது. யார் இந்தக் கோணாகமனர்? கௌதம புத்தருக்கு யுகங்கள் முன்பு தோன்றியவர், அவர் காலத்து மனிதருக்கு ஆயுள் 30,000 ஆண்டு என்கிறது பௌத்த மரபு. அவரை வரலாற்று மனிதராக ஆய்வாளர்கள் கொள்வதில்லை. அதே அரசர், அதே கல், அதே பக்தி! கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் மக்கள் எதை நம்பினார்கள் என்பதற்குத்தான் இரண்டு தூண்களும் சாட்சி. புத்தர் மறைந்து அப்போதே 100 ஆண்டுக்கு மேலாகிவிட்டது. 200ஐயும் தாண்டியதா என்பதில் அறிஞர்கள் இன்றும் பிரிந்து நிற்கிறார்கள்.

அப்படியானால் பௌத்தர்களின் பாலி நூல்கள் சாட்சியாகுமா? அவை இலங்கையில் ஏட்டில் ஏறியதே கி.மு. முதல் நூற்றாண்டில்தான் என்கிறது மரபு. தூணுக்கும் பிந்தியவை. இருந்தும் நான் அவற்றின் பக்கம்தான் நிற்கிறேன். ஏன்? பிறந்தவுடன் ஏழடி நடந்தார் என்று பக்தன் புனைவான். எண்பது வயதில், சுந்தன் என்ற கொல்லன் இட்ட உணவை உண்டு, இரத்தக் கழிச்சல் கண்டு, குசிநாராவில் மடிந்த முதியவரை எந்தப் பக்தன் புனைவான்? இந்தச் சிற்றூரில் போய் மறைவதா, பெருநகரங்கள் இல்லையா என்று சீடர் ஆனந்தரே மன்றாடியதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். உறவினன் தேவதத்தன் சங்கத்தைப் பிளந்ததையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் அவர்களுக்கு எவ்வளவு வசதி! ஊரறிந்த செய்தியாக இருந்ததால்தான் அழிக்க முடியாமல் போயிருக்கிறது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

இதை வைத்துக்கொண்டு, அவர் பெயரில் வழங்கும் ஒவ்வொரு வாக்கும் அவருடையதே என்று நான் வாதாட மாட்டேன். கங்கைச் சமவெளியில் அப்படி ஒரு மனிதர் நடந்தார், போதித்தார், நோயுற்று இறந்தார். இந்தச் சாட்சி அந்த அளவுக்குத் தாங்கும்.