சொன்னவர் குடித்தால் சொன்னது பொய்யாகுமா?

(தோட்டக் குடும்பக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



"ஊருக்குத்தான் உபதேசம்" என்று சொல்லிச் சிரிப்பது நமக்குப் பழக்கம். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் சில நேரம் அந்தச் சிரிப்புக்குச் செலவு கொடுப்பது லயத்தில் இருக்கும் பிள்ளைகள்.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கோயில் திருவிழாவிலும் பெரட்டுக் களத்திலும் குடிக்கு எதிராகப் பேசி வந்த ஒருவர், தீபாவளி முற்பணம் கொடுத்த இரவு நல்ல வெறியில் ரோட்டோரம் கிடந்தார். அவர் பேச்சைக் கேட்டு ஆறு மாதமாகக் குடிக்காமல் இருந்த ஒரு தம்பி, "அவரே குடிக்கிறாரு, எனக்கு மட்டும் என்ன?" என்று மறுநாளே தவறணைக்குப் போய்விட்டான். அந்த ஆறு மாதத்தில் அவன் வீட்டில் கடைக் கடன் தீர்ந்திருந்தது. மகளுக்குப் புதுச் சப்பாத்து வாங்கியிருந்தார்கள். அதெல்லாம் பேசியவர் கொடுத்ததா? அவன் கைக்காசு மிஞ்சி வந்தது. பேசியவர் விழுந்ததும் அந்தச் சப்பாத்து பொய்யாகிவிட்டதா, சொல்லுங்க!

கூடை பிய்ந்தால் கொழுந்து கெட்டுப் போவதில்லை. ஆனால் வழியெல்லாம் சிந்தும், மடுவத்தில் நிறுக்கும்போது குறையும். அதனால்தான் பேசியவர் மேல் எனக்குக் கோபம். அவரை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை.

21 வயது ஆகாதவருக்கு மதுபானமோ சிகரெட்டோ விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுது. அப்படியிருந்தும் போத்தல் வாங்கிவர மகனை அனுப்புகிற அப்பாமார் இருக்கிறாங்க. அதே அப்பா "நீ குடிக்காதேடா" என்றால் பையன் என்ன நினைப்பான்? சொன்னது சரி. போத்தல் அவன் கையில் இருக்கே!

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கணும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிங்க என்று சொன்ன மருத்துவிச்சி அம்மா, தான் பீலித் தண்ணீரைக் குடித்தாலும், கொதிக்கிற தண்ணீரில் வயிற்றோட்டக் கிருமி சாகத்தான் செய்யும். அதற்கு அவரை நம்ப வேண்டிய தேவையே இல்லை. ஆனால் "சேமியுங்க, பணத்தை என்னிடம் கொடுங்க" என்று சீட்டுப் பிடிப்பவர் சொன்னால் கதை வேறு. அங்கே அவருடைய நாணயம்தான் எல்லாம். அவர் ஒருமுறை ஏமாற்றினால், அவரை விடுங்க, சேமிப்பை விடாதீங்க. உங்கள் பெயரிலேயே வங்கிப் புத்தகம் திறங்க. மனைவி சம்பளத்தையும் புருஷன் போய் வாங்குவது நம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்த வழக்கம், அதனால் தாய்மார்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

நான் சொல்வதையும் அப்படியே நம்பாதீங்க. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழிக்கணும், அதற்கு மேல் கம்பெனி 12 போடணும் என்கிறேன். சம்பளத் துண்டை எடுத்துக் கணக்குப் பாருங்க. வாசிக்கத் தெரியாதவங்க சனிக்கிழமை துண்டோடு என்னிடம் வாங்க. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க, கணக்கை அது போடட்டும்.