தாடைக்கு எலும்பு தரும் கால்

செட்டிநாட்டில் கல்யாணப் பந்தி முடிந்தால் தாம்பூலத் தட்டு வந்துவிடும். அன்றாடம் பாக்கு மெல்லும் பழக்கம் வாய்ப்புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

நோய் தாடை எலும்பில் இறங்கிவிட்டால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்க நேரும். இடைவெளியை நிரப்ப, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஓடும் ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து, தாடை வடிவில் அமைத்துப் பொருத்துகிறார்கள். இந்த முறையை அமெரிக்க மருத்துவர் டேவிட் ஹிடால்கோ 1989-ல் விவரித்தார்.

"அப்புறம் ஆத்தா நடப்பாகளா டாக்டர்?" வீட்டார் கேட்பது நியாயமான கேள்வி. பெரும்பாலோர் நன்றாகவே நடக்கிறார்கள். உடல் பாரத்தின் பெரும்பங்கைச் சுமப்பது பக்கத்திலுள்ள பெரிய எலும்பு. கணுக்கால் மூட்டு ஆட்டம் காணாதிருக்க, ஃபிபுலாவின் கீழ்முனையில் 6, 7 சென்டிமீட்டர் விட்டுவைப்பார்கள். ஆனாலும் கால் பழையபடி அப்படியே இருக்கும் என்று சொல்வது சரியல்ல. கட்டைவிரலை மடக்கும் பலம் குறையலாம். கணுக்கால் இறுகலாம், பாதம் மரத்துப்போகலாம். ஓடுவதும், குந்தி எழுவதும், குன்றக்குடி மலைப்படி ஏறுவதும் சிலருக்குச் சிரமமாகும். இயன்முறைப் பயிற்சியைச் சீக்கிரமே தொடங்கி, விடாமல் செய்ய வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்பவர்களும் காலின் ரத்த ஓட்டத்தை முன்பே ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது மிக முக்கியம். நாள் முழுக்க அடுப்படியில் நின்று சமைப்பவரா, வயலில் இறங்குபவரா? அதையும் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.