சர்க்கரைக்கொல்லி: ஒரு பெயரும் ஓர் இலையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இனிப்பைத் தமிழ்க் கவிஞர்கள் எடுத்தாண்ட அளவுக்கு அறுசுவையுள் வேறு எதனையும் எடுத்தாண்டதில்லை. தேனும் கரும்பும் கற்கண்டும் உவமையாக வாராத காதற்பாட்டு அரிது. மொழியைப் போற்ற வருவோரும் 'தீந்தமிழ்' என்றே தொடங்குவர். ஆயின் அச்சுவை இருப்பது கற்கண்டிலா, அதனை உண்பவர் நாவிலா என்று கேட்ட கவிஞர் மிகச் சிலரே. அக்கேள்விக்கு விடை தரவல்ல கொடியொன்று தென்னாட்டுக் காடுகளிலும் புதர்களிலும் பற்றிப் படர்கிறது. சிறுகுறிஞ்சான் என்பது அதன் பெயர். (குறிஞ்சான் வேறு, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சி வேறு. பெயரொப்புமையால் மயங்கி இரண்டையும் ஒன்றாக்கிப் பாடுவோரும் எழுதுவோரும் உளராதலின் இதனைச் சொல்ல வேண்டியதாகிறது.)

எருக்கு இனத்தோடு உறவுடைய இக்கொடிக்குத் தாவரவியலார் இட்ட பெயர் ஜிம்னீமா சில்வெஸ்டர். கிரேக்கத்தில் 'ஜிம்னோஸ்' என்றால் ஆடையற்றது, 'நீமா' என்றால் இழை. அவர்கள் பூவின் உறுப்பை நோக்கிப் பெயரிட்டனர். மக்களோ அதன் செயலை நோக்கிப் பெயரிட்டனர். தமிழில் சர்க்கரைக்கொல்லி, வடமொழியில் மதுநாசினி, இந்தியில் குட்மார், அதாவது வெல்லத்தைக் கொல்வது. ஒரு செடிக்கு மூன்று மொழிகளில் ஒரே பொருளுடைய பெயர் அமைந்திருப்பது, அதன் செயலை மக்கள் எத்துணைத் தெளிவாகக் கண்டிருந்தனர் என்பதற்குச் சான்று. ஆனால் அவர்கள் கண்டது யாது என்பதிலேதான் சிக்கல் தொடங்குகிறது.

எட்ஜ்வொர்த் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர் இவ்விலையை மென்ற பின் தேநீர் அருந்தினார். அதிலிட்ட சர்க்கரையின் சுவை அவருக்குத் தெரியவில்லை. இச்செய்தி 1847ஆம் ஆண்டில் இலண்டன் அறிஞர் அவைக்கு எட்டியது. நாற்பது ஆண்டுகள் கழித்து உதகமண்டலத்தில் அதனை முறையாக ஆய்ந்தவர் டேவிட் ஹூப்பர். சென்னை மாகாண அரசின் கீழ்ச் சின்கோனாப் பட்டையிலுள்ள கொயினாவை அளந்தறியும் வேதியலாளர் அவர். கசப்பை ஆய்வதையே தொழிலாகக் கொண்டவர் இனிப்பின் மறைவை ஆய நேர்ந்தது சுவையான பொருத்தம். ஓரிரு இலைகளை மென்றபின் அவருக்குச் சர்க்கரை சுவையற்றுப் போயிற்று. இஞ்சி சேர்த்த இனிப்பு ரொட்டியில் இஞ்சியின் காரம் மட்டுமே எஞ்சியது. இனிய ஆரஞ்சு, எலுமிச்சை போலப் புளித்தது. தம் தொழிற்பொருளாகிய கொயினாவே சுண்ணாம்புக்கட்டி போலச் சுவையற்றிருந்ததென்றும் அவர் குறித்தார். இவ்விறுதிக் குறிப்பைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. இலையினின்று தூய்மைப்படுத்திய பொருளைக் கொண்டு ஆய்ந்தபோது இனிப்பு மட்டுமே மறைந்தது.

ஹூப்பர் செய்த மற்றொரு பணி அதனினும் பெரிது. இவ்விலையை மென்றால் ஒரு நாள் முழுதும் இனிப்புத் தெரியாது என்று அந்நாளில் சொல்லி வந்தனர். அவர் நேரத்தைக் கணித்துப் பார்த்து, ஓரிரண்டு மணி நேரமே என்று திருத்தினார். இன்றைய ஆய்வாளர் அதனையும் குறைத்து அரைமணி முதல் ஒரு மணி வரை என்கின்றனர். இலையின் புகழைக் குறைத்துச் சொல்லவும் அஞ்சாத அந்நேர்மை பின்னாளில் இச்செடியைப் பற்றி எழுதியோரிடம் அத்துணை மிகுதியாக இல்லை.

ஹூப்பர் இலையினின்று பிரித்த பொருளுக்கு ஜிம்னீமிக் அமிலம் என்று பெயர். அது தனியொரு பொருள் அன்று. ஒத்த அமைப்புடைய பல பொருள்களின் குடும்பம் என்பது பிற்பாடு தெரிந்தது. நாவின் சுவை மொட்டுகளில் இனிப்பை உணரும் ஏற்பிப் புரதம் 2001ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. ஜிம்னீமிக் அமிலம் அப்புரதத்தில் உயிரணுவின் மெல்லுறையை ஊடுருவி நிற்கும் பகுதியைப் பற்றிக்கொள்கிறது என்று 2014இல் ஜப்பானிய ஆய்வாளர் காட்டினர். கதவின் சாவித்துளை அடைபட்டாற்போல, சர்க்கரை வந்து நின்றும் செய்தி உள்ளே செல்வதில்லை. காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் பொருள் கலந்த நீரால் வாய் கொப்புளித்தால் அவ்வமிலம் அகன்று இனிப்பு மீளும். ஆக, சர்க்கரை கொல்லப்படவில்லை. நாவுதான் சிறிது நேரம் செவிடாகிறது. நாவுக்குச் செவிட்டுத்தன்மை கூறுவது பிழையென்று இலக்கணம் வல்லார் கடிந்துகொள்ளலாம், கவிஞர் பொறுப்பர்.

இவ்விடத்தே மற்றொன்றும் கருதத்தக்கது. மனிதனிடத்தும் சிம்பன்சிக் குரங்கினிடத்தும் இனிப்பை மறைக்கும் இவ்வமிலம் எலியிடத்து அவ்வாறு செய்வதில்லை. அதே இலையிலுள்ள குர்மாரின் என்னும், 35 அமினோ அமிலங்களாலான சிறு புரதம் எலியின் நாவில் இனிப்பை மறைக்கிறது. மனிதனிடத்து அதற்கு அவ்வாற்றல் இல்லை. எலி மெலிந்தது, ஆகவே மனிதனும் மெலிவான் என்று எழுதுவோர் இந்த ஓரிலையின் வரலாற்றையேனும் படித்தல் நலம்.

இனி, நாவிலிருந்து குருதிக்கு வருதல் வேண்டும். மதுமேகம் என்று சித்த மருத்துவம் குறிக்கும் நீரிழிவுக்கு இவ்விலை நெடுங்காலமாகத் தரப்பட்டு வருகிறது. அதன் சாற்றுப்பொருள் குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதை மந்தப்படுத்துகிறது என விலங்காய்வுகள் கூறின. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இ.ஆர்.பி. சண்முகசுந்தரம் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவாளர் 22 பேர் வழக்கமான மருந்தோடு நாள்தோறும் 400 மில்லிகிராம் இலைச்சத்தை 18 முதல் 20 மாதம் உட்கொண்டனர். குருதிச் சர்க்கரை குறைந்தது. மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது. ஐவர் வழக்கமான மருந்தையே நிறுத்த முடிந்தது. இது புறக்கணிக்கத்தக்க செய்தி அன்று. ஆயினும் 22 பேர் என்பது சிறு தொகை. போலி மாத்திரை தந்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வும் அன்று அது. விதையை விதையென்று சொல்லாமல் விளைந்த கதிரென்று விற்றவர்கள் பின்னால் வந்தனர்.

உடற்பருமன் பற்றிய செய்தி இன்னும் நுட்பமானது. நாவில் இனிப்பு மறைந்திருக்கும்போது இனிப்புப் பண்டத்தை மக்கள் குறைவாக உண்கின்றனர் என்பது ஆய்வுகளில் வெளிப்பட்டிருக்கிறது. 1983ஆம் ஆண்டின் ஆய்வொன்றும், போலி மாத்திரையோடு ஒப்பிட்டு 2017இல் வெளிவந்த மற்றொன்றும் இதனைக் காட்டின. இன்பம் இல்லாத இடத்தில் கை நீளுவதில்லை. இதற்கு வேதியலும் வேண்டா. ஆனால் அரைமணி நேரம் மிட்டாய் உண்ணாதிருத்தல் வேறு, ஆண்டுக்கணக்கில் உடல் எடை குறைதல் வேறு. முறுக்கும் வடையும் சோறும் எண்ணெயும் இவ்விலைக்கு அகப்படுவன அல்ல. அவற்றின் சுவைக்கு இனிப்பு ஏற்பியின் துணை வேண்டியதில்லை.

எடை குறைந்ததற்குச் சான்றாகப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது ஆந்திரத்தின் ஏலூரில் 60 பேரிடம் 8 வாரம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வு. அதில் கொடுக்கப்பட்டது சர்க்கரைக்கொல்லி தனியே அன்று. குடம்புளியின் தோலிலிருந்து எடுத்த அமிலமும் குரோமியமும் அதனோடு கூடியிருந்தன. அறுபதின்மரும் நாளொன்றுக்கு 2000 கலோரி அளவான உணவே உண்டனர். வாரத்தில் 5 நாள் அரைமணி நேரம் நடந்தனர். இலையை மட்டும் உட்கொண்ட பிரிவு ஒன்று அவ்வாய்வில் இல்லை. மருந்துண்ட பிரிவினருக்கு எடை கூடுதலாகக் குறைந்தது உண்மையே. அதில் இலையின் பங்கு எவ்வளவு என்று அவ்வாய்வைக் கொண்டு சொல்ல இயலாது. மூவர் சேர்ந்து இயற்றிய பாட்டில் இனிய அடி எவருடையது என்று கேட்பது போன்றது அது.

பெயரே மருந்தாகிவிடும்போது நேரும் தீங்கு சிறிதன்று. கொல்லி என்னும் சொல்லை நம்பி, தாம் உண்ட சர்க்கரை குருதியிலும் மாண்டதென்று கருதி மருந்தை நிறுத்துவோருக்கு நேர்வது இனிப்பின் இழப்பு அன்று. கண்ணும் சிறுநீரகமும் காலும் இழப்பாகும். மாறாக, மருந்தையும் விடாமல் இலைச்சத்தையும் மிகுதியாக உண்பவருக்குக் குருதிச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். இவ்விலையை உட்கொண்ட நீரிழிவாளர் ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி நேர்ந்ததை 2010இல் மருத்துவ இதழொன்று பதிவு செய்தது. இயற்கையானது ஆகையால் இன்னா செய்யாது என்பது கவிதைக்கு அழகு. எருக்கும் அரளியும் இயற்கைதானே!

தேயிலையின் கதையும் இதற்கு அயலானது அன்று. பச்சைத் தேயிலைச் சாற்றால் எடை குறையுமா என்று பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் அமைப்பின் 2012ஆம் ஆண்டு மதிப்பீடு, குறைவது பொருட்படுத்தத்தக்க அளவன்று என்று கண்டது. செறிவூட்டிய அதன் சாறு, நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் கேட்டகின் உடலில் சேரும் அளவுக்கு உட்கொள்ளப்படும்போது, கல்லீரலைத் தாக்கலாம் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. குவளையில் அருந்தும் தேநீரைப் பற்றிய எச்சரிக்கை அன்று அது.

செடியிலிருந்து உண்மையாகவே மருந்து பிறந்த வரலாறும் உண்டு. கேலிகா என்னும் ஐரோப்பியச் செடியிலுள்ள கேலிகின் என்னும் பொருள் 1920களில் நீரிழிவாளருக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. நச்சுத்தன்மை உடையதென்று கண்டு கைவிட்டனர். அதன் வேதியல் உறவினருள் ஒன்றாகிய மெட்ஃபார்மின் 1922இல் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. 1957இல்தான் ழான் ஸ்டெர்ன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதனை நோயாளரிடம் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். இன்று உலகெங்கும் நீரிழிவுக்கு அதுவே முதன்மையான மாத்திரை. எடையையும் அது சிறிது குறைக்கிறது. செடி வழி காட்டிற்று. வழியைக் கடக்க முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

சர்க்கரைக்கொல்லி இன்னும் அவ்வழியின் தொடக்கத்திலேயே நிற்கிறது. விளைந்த மண்ணையும் பறித்த பருவத்தையும் உலர்த்திய முறையையும் பொறுத்து இலையில் ஜிம்னீமிக் அமிலத்தின் அளவு மாறும். ஆகவே கடையில் பொட்டலமாக விற்கும் பொடி இரண்டு வாங்கினால் இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று உறுதி இல்லை. இலையைத் தனியே கொடுத்து, போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, நூற்றுக்கணக்கானோரின் எடையை ஆண்டுக்கணக்கில் அளந்த பிறகே ஹூப்பரின் நேரக்கணக்கைப் போன்ற தெளிவான விடை கிடைக்கும். அதுவரை, விழா விருந்தில் பாயசத்துக்கு முன் ஓர் இலையை மென்று பார்க்க விரும்பும் கவிஞர் நீரிழிவுக்கு மருந்துண்பவராயின் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்க; அல்லாதவர் மென்ற பின் பாயசத்தில் எஞ்சுவது யாதென்று எழுதுக.