மணியும் செவலையும்

மாணவ மணிகளே, வணக்கம்.

உங்களை இவ்வாறு அழைத்து முப்பத்து மூன்று ஆண்டுகள் பழகியவன் நான். காலை இறைவணக்கக் கூட்டத்தில், எதிரே வரிசையாக நிற்கும் பிள்ளைகளை நோக்கி இப்படித்தான் பேசத் தொடங்குவேன். ஓய்வு பெற்ற மறுநாள் எழுந்து பார்த்தால், அழைப்பதற்கும் மணிகள் இல்லை. அடிப்பதற்கும் மணி இல்லை. அந்த ஆண்டு மழைக்கு எங்கள் வாயிற்படியோரம் வந்து ஒதுங்கிய ஒரு தெருநாய்க் குட்டிக்கு மணி என்று பெயர் வைத்தேன். தமிழ்நாட்டில் நாய்க்கு மணி என்று பெயரிடுவது புதுமையன்று. ஆயினும் ஒரு தலைமையாசிரியன் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததற்குத் தனிக் காரணம் உண்டு என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

மறு ஆண்டில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண்குட்டி வந்து சேர்ந்தது. எங்கள் கொங்கு நாட்டில் அந்த நிறத்தைச் செவலை என்போம். நிறமே பெயராயிற்று.

நான் குடியிருப்பது திருப்பூரில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே உள்ள ஒரு தெருவில். பொழுது விடிவதற்கு முன்பே தையல் இயந்திரங்களின் ஓசை தொடங்கிவிடும். ஐந்தரை மணிக்கு நானும் நாய்களும் உலாவப் புறப்படுவோம். இரவுப் பணி முடித்து வருவோர், பகல் பணிக்குச் செல்வோர், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே உழைக்கும் இளைஞர்கள் ஆகிய எல்லோரும் தேநீர்க் கடையருகே ஒன்றுகூடும் வேளை அது. ஓய்வு பெற்ற ஆசிரியனோடு நின்று பேச யாருக்கும் நேரம் இராது. ஆனால் நாயோடு பேச எல்லோருக்கும் நேரம் உண்டு. தமிழ் தெரியாத ஓர் இளைஞன் செவலையின் தலையைத் தடவி அவனுடைய மொழியில் ஏதோ சொல்வான். அது வாலை ஆட்டும். என் தெருவில் எத்தனை ஊரார் வாழ்கிறார்கள் என்பதை நாய்கள் வந்த பிறகே அறிந்துகொண்டேன்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு உளவியல் பாடம் உண்டு. அதில் உருசிய நாட்டு அறிஞர் பாவ்லோவின் நாய் வரும். உணவைக் கண்டால் நாய்க்கு உமிழ்நீர் ஊறும். உணவு தருமுன் ஓர் ஓசையை எழுப்பிப் பழக்கினால், பின்னர் ஓசையைக் கேட்ட மாத்திரத்திலேயே ஊறும். பாவ்லோவுக்கு 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது இந்தச் சோதனைக்கன்று, செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்கு. தேர்வில் பலர் இதைத் தவறாக எழுதி மதிப்பெண் இழந்ததுண்டு. இன்று என் வீட்டில் சோதனை தலைகீழாக நடக்கிறது. மணி ஒரு முறை குரைத்தால் நான் எழுந்து கதவைத் திறக்கிறேன். இரண்டு முறை குரைத்தால் சோற்றுத் தட்டை எடுக்கிறேன். பழக்கியது யார், பழகியது யார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தொல்லைகளும் இல்லாமல் இல்லை. செவலைக்குப் பிறர் செருப்பில் பெருவிருப்பம். பக்கத்து வீட்டாருக்கு இதுவரை மூன்று இணை வாங்கித் தந்திருக்கிறேன். உண்ணிக் காலம் வந்தால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு நானும் என் மனைவியும் சேர்ந்து போய் ஐந்தாண்டுகள் ஆகின்றன. ஒருவர் போனால் மற்றவர் நாய்க்குக் காவல். “ஏனுங்க, நாய் நமக்குக் காவலா, நாம நாய்க்குக் காவலா?” என்று அவள் கேட்பாள். படுக்கைக்கு மட்டும் எங்கள் ஊரில் குறைவில்லை. கம்பெனிகளில் வெட்டி ஒதுக்கிய பனியன் வேஸ்ட் துணியை ஒரு சாக்கில் திணித்துவிட்டால், மன்னருக்கும் கிடைக்காத மெத்தை. வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் துணியின் மிச்சத்தில் மணி குறட்டை விடுகிறது.

வரலாற்று ஆசிரியனாக இருந்த பழக்கத்தால் இங்கே ஒரு கல்லைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊர் உண்டு. அங்கே முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு மாண்டான். அவனோடிருந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது. அதன் பெயர் கோவிவன். வீரனின் உருவத்தோடு நாயின் உருவத்தையும் வடித்து, அதன் பெயரையும் எழுத்தில் பொறித்து வைத்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எத்தனை மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியும்? ஒரு நாயின் பெயர் தெரிகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் சற்றே உயர்ந்துவிடும்.

ஆனால் அன்று நான் கவனியாத ஒன்று உண்டு. கோவிவன் கல்லில் இடம் பெற்றது கடித்ததனால்தான். எந்தப் பல் உரிமையாளனுக்குக் காவலோ, அதே பல் எதிரே வருபவனுக்கு அச்சம். எதிரே வந்தவர்கள் கள்வர்களாக இருந்தவரையில் கதை இனிதாக முடிந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய தீபாவளி. அந்த நாள்களில் திருப்பூரைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மிகைப்பணியும் போனசும் முடிந்து தொழிலாளர்கள் சொந்த ஊர்களுக்குப் புறப்பட்டதும், ஊரே வெறிச்சோடிவிடும். ஆண்டு முழுவதும் ஓயாத இயந்திர ஓசை நின்றுவிடும். அந்த அமைதியின் நடுவே வெடிச் சத்தம் கேட்டால், இயந்திர ஓசையிலேயே வளர்ந்த மணிக்கு உலகம் இடிந்தது போலாகும். அது நடுங்கிக்கொண்டு வாயில் திண்ணையின் கீழ் ஒடுங்கிக் கிடந்தது. எதிரே லைன் வீட்டில் குடியிருக்கும் எட்டு வயதுப் பெண் ஒருத்தி, நாள்தோறும் அதனோடு விளையாடுபவள், ஆறுதல் சொல்லக் குனிந்து கை நீட்டினாள். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒரு சரவெடி வெடித்தது. மணி பாய்ந்து அவளுடைய கெண்டைக்காலைக் கவ்வியது. இரண்டு பற்கள் பதிந்து குருதி கசிந்தது.

குழந்தையின் பாட்டி மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நல்லெண்ணத்தோடுதான் வந்தார். நான் தடுத்தேன். குழாயைத் திறந்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவினோம். மாணவர்களே, என் பேச்சில் மற்றவற்றை மறந்தாலும் இந்தப் பதினைந்து நிமிடத்தை மறவாதீர்கள். வெறிநாய்க்கடி நோயின் கிருமியைச் சோப்பும் ஓடும் நீரும் பெருமளவு அகற்றிவிடும். காயத்தைக் கட்டி மூடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அந்த நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால், பிழைப்பது ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இதனால் இறக்கிறார்கள் என்பது மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். நாயிடம் அச்சமின்றிக் கை நீட்டுபவர்கள் குழந்தைகள்தாமே!

மருத்துவமனையில் மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, “நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா, ஐயா?” என்பது. “தவறாமல் போட்டிருக்கிறேன்” என்றேன். வீட்டுக்கு வந்து அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்டு மாதம் போட்டிருக்கவேண்டிய ஊசி போடப்படவில்லை. அந்த மாதம் என் முழங்கால் வலியில் நாள் தள்ளிப் போயிற்று. பிறகு மறந்தே போயிற்று. எத்தனையோ பதிவேடுகளைப் பார்த்துக் கையொப்பமிட்டவன் நான். வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஆசிரியரை அழைத்து விளக்கம் கேட்டவன். என் வீட்டு அட்டையில் ஒரு கட்டம் இரண்டு மாதமாகக் காலியாக இருந்தது.

திரும்பவும் மருத்துவமனைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். சொல்வதற்கு நாக்குக் கூசிற்று. மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. குழந்தைக்குக் காயத்தைச் சுற்றி ஒரு மருந்தைச் செலுத்தியிருந்தார்கள்; கைகளில் தோலுக்குள் முதல் ஊசியும் போட்டாயிற்று. மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று மேலும் மூன்று முறை வரவேண்டும். நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கவேண்டும். பத்து நாளும் அது நலமாக இருந்தால், கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்று பொருள்.

முன்னாளில் இதே ஊசிக்கு எங்கள் பகுதி மக்கள் எங்கே போனார்கள் என்பதையும் நீங்கள் அறியவேண்டும். லூயி பாஸ்டர் பாரிசில் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இந்தத் தடுப்பு மருந்தைச் செலுத்தியது 1885ஆம் ஆண்டு ஜூலையில். நம் நாட்டில் 1900இல் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் பாஸ்டர் நிலையம் தோன்றியது. தென்னாட்டில் கடிபட்டவன் அங்கே போய்ச் சேர்வதற்குள் என்ன ஆவான்? 1907இல் நீலகிரியில், குன்னூரில் ஒரு பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்ட பிறகே தெற்கே உள்ளவர்கள் உயிர்ப்பிச்சை பெற்றார்கள். என் இளமையில் வயிற்றில் பதினான்கு ஊசி என்று சொல்லியே பிள்ளைகளை அச்சுறுத்துவார்கள். ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்த பழைய மருந்து அது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை நம் நாட்டில் கைவிட்டார்கள். இன்று அரசு மருத்துவமனைகளில் நான்கு தவணையில், கையில், கட்டணமின்றி முடிந்துவிடுகிறது.

கட்டணமின்றி என்றேன். குழந்தையின் தாய் அப்படிச் சொல்லவில்லை. அவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். “ஊசிக்குக் காசில்லீங்க, வாத்தியாரய்யா. ஆனா போற நாளெல்லாம் எனக்குச் சம்பளம் இல்லீங்க. ஒண்ணரை ஷிப்டு ஓடுற நேரம் இது” என்றார். சினந்து சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். என்னிடம் படித்தவர் அல்லர். ஆனாலும் எனக்குப் பாடம் சொன்னார். எஞ்சிய மூன்று முறையும் குழந்தையை நானே அழைத்துச் செல்வது என்று முடிவாயிற்று. முதல் நாள் சம்பள இழப்பைத் தருவதற்கு முயன்றேன். பலமுறை மறுத்து, பாட்டியின் சொல்லுக்காகப் பெற்றுக்கொண்டார்.

அந்தப் பத்து நாள்கள் நீண்டவை. மணியைப் பின்கட்டில் கட்டியிருந்தோம். காலையில் எழுந்ததும் அது தண்ணீர் குடிக்கிறதா என்று பார்ப்பேன். தொண்டையில் இருமினால் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒரு நாள் உச்சிவேளையில் அது சோற்றைத் தொடவில்லை. என் மனைவி ஒன்றும் பேசாமல் மோர்ச்சோற்றைக் கொண்டுபோய் வைத்தாள், அதைத் தின்றது. நாங்கள் இருவரும் அன்று பகலுணவை மாலையில் உண்டோம். நான் அஞ்சியது நாய்க்காகவா, குழந்தைக்காகவா, என் பெயருக்காகவா என்று எனக்கே தெளிவாகவில்லை. பத்தாம் நாள் மாலையில் மணி தன் சங்கிலியைத் தானே கடித்து விளையாடிற்று.

நாயால் வரும் துயரம் என் வீட்டோடு நிற்பதன்று. எங்கள் மாவட்டத்துக் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கிளுவை வேலிகளுக்கு நடுவே மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. ஆட்டுப்பட்டிகளில் தெருநாய்கள் இரவில் புகுந்து ஆடுகளைக் குதறியதால், 2024, 2025 ஆண்டுகளில் உழவர்கள் இறந்த ஆடுகளைச் சாலையில் கொண்டுவந்து போட்டுப் போராடினார்கள். அரசு இழப்பீடு அறிவித்தது. பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பது 2001இல் வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்ட மைய அரசு விதி. 2025இல் உச்ச நீதிமன்றமே இதில் தலையிட்டு ஆணைகள் பிறப்பித்தது. நாயை விரும்புவோரும் வெறுப்போரும் உரத்த குரலில் வாதிடுகிறார்கள். அந்த நாய்களிற் பல, யாரோ ஒருவர் குட்டியாக வளர்த்துப் பெரிதானதும் தெருவில் விட்டவற்றின் வழிவந்தவை என்பதை மட்டும் ஒருவரும் உரக்கச் சொல்வதில்லை.

இருபத்தெட்டாம் நாள் ஊசி முடிந்து திரும்பும்போது அந்தப் பெண் பேருந்தில் என் அருகில் அமர்ந்திருந்தாள். “வாத்தியார் தாத்தா, மணிக்கும் ஊசி போட்டாச்சா?” என்று கேட்டாள். பத்து நாள் கழிந்ததுமே போட்டாயிற்று என்றேன். நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, நாள், மாதம், ஆண்டு எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்த பிறகே போனாள். சென்ற ஆண்டும் உரிய நாளுக்கு ஒரு வாரம் முன்பே வந்து நினைவூட்டினாள்.

மணி இன்றும் வெடிச் சத்தத்திற்கு நடுங்குகிறது. தீபாவளி வந்தால் உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறோம். செவலையோடு அவள் முன்போலவே விளையாடுகிறாள். மணியோடு பேசுவதாக இருந்தால் மட்டும் வாயிற்கதவுக்கு வெளியே நின்றுதான் பேசுகிறாள். உள்ளே வா என்று நான் அழைப்பதில்லை.