கோடை விடுமுறையில் குழந்தை கையில் ஒரு நூல்

(விழா மேடையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுத் தேர்வுகள் முடிந்து பள்ளிகள் விடுமுறை காணும் காலம் நெருங்கிவிட்டது. ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளில் பயிலும் பிள்ளைகள் இனிச் சில வாரங்கள் இல்லத்தில் இருப்பர். நீச்சல், கணினி, இசை என்று பல வகுப்புகளில் அவர்களைச் சேர்ப்பதற்குப் பெற்றோர் பெரிதும் அக்கறை காட்டுகின்றனர். அவர்கள் என்ன நூலைப் படிக்கப் போகிறார்கள் என்பதில் அந்த அக்கறையின் கால்பங்கேனும் காணப்படுவதில்லை. "ஏதாவது படி" என்று சொல்வதோடு கடமை முடிந்துவிடுகிறது. எதைப் படிப்பது, அதை யார் தேடித் தருவது, புரியாத இடத்தில் யாரிடம் கேட்பது ஆகிய மூன்று கேள்விகளும் விடையின்றி நிற்கின்றன.

இம்மூன்றுக்கும் விடை தமிழ் நூல்களின் வரலாற்றிலேயே கிடைக்கிறது. அவ்விடையில் சமண இல்லங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் உ.வே. சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பாடம் கேட்டவர். அவரிடம் சேலம் இராமசாமி முதலியார், "சீவக சிந்தாமணி படித்ததுண்டா?" என்று வினவினார். இல்லை என்பதே விடையாயிற்று. நூலைப் பெற்றுப் படிக்கத் தொடங்கியபோது, எத்தனையோ நூல் கற்ற அப்புலவருக்கும் பல இடங்கள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரை இருந்தது. ஆயினும் சமணர் வழக்குகளும் கோட்பாடுகளும் அறிந்தவர் துணை வேண்டியிருந்தது. அவர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். சந்திரநாத செட்டியாரும் வீடூர் அப்பாசாமி நயினாரும் அவருடைய ஐயங்களைத் தீர்த்தனர்.

அவர் முதன்முறை சென்றபோது, அவ்வீட்டு வாயிலில் கோலமும் தோரணமும் பொலிந்திருந்தன. என்ன விசேடம் என்று கேட்டார். குடும்பத்தார் சிந்தாமணியைத் தொடர்ந்து படித்து வந்ததாகவும், அது நிறைவெய்தியதற்காகவே அந்த அலங்காரம் என்றும் விடை வந்தது. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் கட்டும் தோரணத்தை ஒரு நூலைப் படித்து முடித்ததற்காகக் கட்டிய வீடு அது! 1887இல் சிந்தாமணி அச்சேறி உலகத்தார் கைக்கு வந்ததற்கு அந்த வீட்டின் வாசிப்பும் ஒரு காரணம்.

அடுத்த நிகழ்ச்சி தெற்கே, தாமிரபரணிக் கரையில் உள்ள ஆழ்வார்திருநகரியில் நடந்தது. திருக்குருகூர் என்னும் பழம்பெயர் கொண்ட, நம்மாழ்வார் அவதரித்த தலம் அது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. சிந்தாமணிக்குப்பின் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்த சாமிநாதையர், நல்ல பிரதிகளைத் தேடி அவ்வூர் சென்றார். இலட்சுமண கவிராயர் வீட்டில் ஏராளமான ஏடுகள் இருந்தன. நாள்கணக்கில் கட்டுக்கட்டாக அவிழ்த்துப் பார்த்தும் வேண்டியது கிடைக்கவில்லை. பின்னர், அக்குடும்பத்து ஏடுகளுள் ஒரு பகுதி கவிராயரின் மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டில் இருப்பது நினைவுக்கு வந்தது. அங்கிருந்து வாங்கி வந்த சுவடியை நிலவொளியில் பிரித்தபோது, அவர் தேடிய பத்துப்பாட்டு அதில் இருந்தது. 1889இல் அந்நூல் வெளிவந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துவது ஒன்றே. நூல் தானாக யார் கைக்கும் வந்து சேர்வதில்லை. ஒருவர் அதைக் காத்து வைக்கிறார், ஒருவர் தேடுகிறார், ஒருவர் மனமுவந்து இரவல் தருகிறார், ஒருவர் உடனிருந்து பொருள் சொல்கிறார். இருபத்தைந்து வயதுப் புலவருக்கே இத்தனை பேர் துணை வேண்டியிருந்தது என்றால், பன்னிரண்டு வயதுக் குழந்தையைப் புத்தகத்தோடு தனியே விட்டுவிட்டு, "இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை" என்று குறைகூறுவது எவ்வகையில் நியாயம்?

இன்று இக்குழந்தைகளுள் பலர் சிந்தாமணியை எவ்வாறு அறிகின்றனர்? "ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று, ஆசிரியர் திருத்தக்கதேவர்" என்னும் ஒரு மதிப்பெண் விடையாக அறிகின்றனர். ஊராருக்குச் சிந்தாமணிப் பொருள் சொன்ன மரபின் பிள்ளைகளுக்கு அதன் கதை தெரியவில்லை என்றால், அந்த இழப்பைப் பள்ளியின்மேல் சுமத்த இயலாது. இல்லம் செய்யத் தவறியதைப் பாடநூல் ஈடுசெய்யாது.

இனி, நூலைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பருவம் இடைப்பட்ட பருவம். படக்கதைகளைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கத் தொடங்கும் வயது. பெரியோர் நூல்களின் நடையோ இன்னும் எட்டாத வயது. அறிவுரையை முகர்ந்த அளவில் விலகிச் செல்லும் வயதும் அதுவே. ஆதலால் முதல் அளவுகோல் கதை. பக்கத்தைத் திருப்பத் தூண்டும் கதை இல்லாத நூல், எத்துணை உயர்ந்த கருத்தைச் சொன்னாலும் கோடைக்கு உதவாது. இரண்டாவது நடை. குழந்தை ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கட்டும்; ஐந்தாறு சொற்களுக்குமேல் தடுமாறினால் அந்நூலைப் பெரியவர் படித்துக் காட்ட வேண்டும், அல்லது வேறொன்றைத் தேர வேண்டும். ஆங்கில வழியில் பயிலும் பிள்ளைகளுக்கு இச்சோதனை இன்றியமையாதது. மூன்றாவது அச்சு. ஒரு பாடத்தின் சரியான வடிவத்திற்காக ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டுக் கண் நோகப் படித்தவர்கள் வாழ்ந்த மொழி இது. எழுத்துப்பிழை மலிந்த மலிவுப் பதிப்பைக் குழந்தையிடம் கொடுப்பது முறையன்று.

சமணக் காப்பியங்கள் மட்டுமே போதும் என்பதும் இல்லை. வைணவத் தலத்து வீடு ஒன்று சமயம் பாராமல் ஏட்டை எடுத்துக் கொடுத்ததை மறக்கலாகாது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம், 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிநிலைகளில் சிறு நூல்களை வெளியிட்டுள்ளது. தமிழில் தயங்கிப் படிக்கும் பிள்ளை அங்கிருந்து தொடங்கலாம். சற்றுத் தேர்ந்த வாசகருக்குக் கோவில்பட்டி எழுத்தாளர் உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' உண்டு. கீழடியைக் களமாகக் கொண்ட அச்சிறார் நாவல் 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. அதைப் படித்த பிள்ளையைக் கோவில்பட்டியை அடுத்த கழுகுமலைக்கு ஒருநாள் அழைத்துச் செல்லலாம். அங்குப் பாறையில் வடிக்கப்பெற்ற தீர்த்தங்கரர் உருவங்களையும், அவற்றின்கீழ் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் காணலாம். அக்கல்வெட்டுகளில் 'குரத்தியர்' எனப்படும் பெண் ஆசிரியர்கள் குறிக்கப்படுகின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் ஆசிரியப் பணி செய்த செய்தி அங்குக் கல்லில் இருப்பதை நம் பெண்குழந்தைகள் நேரில் காண வேண்டும்.

தேர்ந்த நூலை அப்படியே கொடுத்துவிடலாமா? அதைப் பதப்படுத்தித் தருவதே பெரியோர் பணி. சாமிநாதையரும் தம் பதிப்புகளில் மூலத்தை மட்டும் அச்சிட்டு நின்றுவிடவில்லை. நூலாசிரியர் வரலாறு, கதைச்சுருக்கம், குறிப்புகள் என்று வாசகர் ஏறுவதற்குப் படிகள் அமைத்தார். கொங்குவேளிரின் பெருங்கதையைப் பதிப்பித்ததோடு, அக்கதையை உரைநடையிலும் சுருக்கி எழுதினார். இல்லத்துப் பெரியவரும் தம் அளவில் இதைச் செய்யலாம்.

சிந்தாமணியையே எடுத்துக்கொள்வோம். பதின்மூன்று இலம்பகங்கள், மூவாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்கள். மணநூல் என்று பெயர்பெற்ற அக்காப்பியத்தின் சிங்காரப் பகுதிகள் பன்னிரண்டு வயதுக்கு உரியன அல்ல. "வளர்ந்தபின் முழுவதும் படிக்கலாம்" என்று உண்மையைச் சொல்லி, நான்கு கதைகளைத் தேர்ந்துகொண்டால் போதும்.

முதலாவது, நாமகள் இலம்பகத்தில் வரும் மயிற்பொறிக் கதை. அமைச்சன் கட்டியங்காரன் சூழ்ச்சியால் மன்னன் சச்சந்தன் வீழ்கிறான். கருவுற்ற அரசி விசயை வானில் பறக்கும் மயிற்பொறியில் ஏறித் தப்புகிறாள். சுடுகாட்டில் சீவகன் பிறக்கிறான். எந்தக் குழந்தையும் இதற்குமேல் என்ன ஆயிற்று என்று கேட்காமல் இராது. இரண்டாவது, ஆசிரியர் அச்சணந்தி மாணவனுக்கு அவன் பிறப்பைப் பிறிதொருவன் கதைபோலச் சொல்லி உணர்த்துவதும், பொங்கியெழுந்த சீவகனை ஓராண்டு பொறுத்திருக்கச் செய்வதும். சினத்தை அடக்கும் வலிமை இன்னது என்று தனியே அறிவுரை கூறத் தேவையில்லை. மூன்றாவது, அடியுண்டு உயிர்விடும் நாயின் செவியில் சீவகன் மந்திரம் ஓத, அது தேவனாகிப் பின்னாளில் அவனுக்கு உற்ற துணையாகும் கதை. நான்காவது, இறுதியில் வரும் குரங்கும் பலாப்பழமும். ஆண்குரங்கு தன் துணைக்கு அளித்த பழத்தைத் தோட்டக்காவலன் விரட்டிப் பறித்துக்கொள்வதைக் கண்டு, அரசுச்செல்வமும் இவ்வாறே கைமாறுவது என்று சீவகன் தெளிகிறான்.

இந்நான்கையும் பெரியவர் முதலில் தாம் படிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அரிய சொற்களைப் பத்துக்கு மிகாமல் ஒரு தாளில் பொருளோடு எழுதி வைக்க வேண்டும். மாலையில் அரைமணி நேரம் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் கேட்கலாம். மறுநாள் குழந்தை அக்கதையைப் பாட்டியிடம் தன் சொற்களில் திருப்பிச் சொல்லலாம். பழமொழி நானூற்றிலிருந்து நாளொரு பாடலைத் தந்து, அதனுள் இருக்கும் பழமொழியைக் கண்டுபிடிக்கச் செய்வது விளையாட்டாகவும் அமையும். "இதனால் அறியப்படும் நீதி என்ன?" என்று மட்டும் கேட்டல் ஆகாது. அக்கேள்வி விடுமுறையை மீண்டும் வகுப்பறையாக்கிவிடும். குழந்தை தானே கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், "இருவரும் சேர்ந்து தேடுவோம்" என்று சொல்வதில் தாழ்வில்லை. உ.வே.சா. அவ்வாறு கேட்டுக் கேட்டே பதிப்பாசிரியர் ஆனார்.

நூல்கள் எல்லா வீட்டிலும் இரா. ஒருவர் அலமாரியில் இல்லாதது அவர் சம்பந்தி வீட்டில் இருக்கும் என்பதை ஆழ்வார்திருநகரி காட்டியது. ஒவ்வொரு குடும்பமும் இரண்டு நூல்களைக் கொணர்ந்தால், ஊருக்கு ஒரு பெட்டி நிறையும். விடுமுறை முழுவதும் அது வீடு வீடாகச் சுற்றி வரும். உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திரத்தையும் தானமாகப் போற்றும் மரபினருக்கு இது புதிய செயலன்று.

கோடையின் கடைசியில் சுருத பஞ்சமி வருகிறது. நூல்களை எடுத்துத் தூய்மை செய்து போற்றும் நாள் அது. அந்நாளுக்குள் பிள்ளை ஒரே ஒரு நூலையேனும் படித்து முடிக்கட்டும். முடித்த அன்று அவ்வீட்டு வாயிலில் கோலமிட்டு மாவிலைத் தோரணம் கட்டுங்கள். வழியே செல்பவர் என்ன விசேடம் என்று கேட்டால், அதற்குரிய விடையைக் குழந்தையே சொல்லட்டும்.