புதினா வைத்தியம்: இலை வேறு, எண்ணெய் வேறு
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வயிற்றுப் பொருமலுக்குப் புதினா, சளிக்குப் புதினா, தலைவலிக்குப் புதினாத் தைலம் என்று நம் இல்லங்களில் வழங்கிவருகிறது. கைக்கெட்டும் மருந்து நல்லதே. ஆயினும், இலையையும் எண்ணெயையும் ஒன்றாகவே பாவிப்பதினால் விபரீதம் நேரிடக்கூடும். அதைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நாம் துவையலுக்கு அரைக்கும் புதினா வேறு, பெப்பர்மிண்டு வேறு. நீரோரத்தில் வளரும் ஒருவகைப் புதினாவும் தோட்டப் புதினாவும் கலந்து உண்டான செடியே பெப்பர்மிண்டு. ஜான் ரே என்னும் ஆங்கிலத் தாவர சாஸ்திரி 1696-ல் அதை விவரித்தார். நாவிற் குளிர்ச்சியூட்டும் மெந்தால் என்னும் சத்து அதில் மிகுதி. துவையற் புதினாவில் சொற்பம்.

பெப்பர்மிண்டு இலையின் குணம் மென்மையானது. உலர்ந்த இலை 1½ முதல் 3 கிராம் வரை எடுத்து, 150 மில்லிலிட்டர் கொதிநீரில் இட்டு, பத்து நிமிஷம் மூடிவைத்து வடிகட்டுக. மூடாவிடில் ஆவியோடு சத்தும் போய்விடும். வளர்ந்தவர்கள் இதை நாளொன்றுக்கு மூன்று வேளை பருகலாம். குடலின் தசை இளகி, வாயு பிரியும், பொருமல் தணியும். ஆனால் அதே காரணத்தினால் இரைப்பையின் மேல்வாயும் இளகுமாதலால், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இஃது ஆகாது. பித்தப்பையிற் கல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

எண்ணெயோ பல இலைகளின் சாரம். அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை மெந்தாலே. அதை அப்படியே அருந்தலாகாது. குடல்வலிக்கு வைத்தியர்கள் கொடுப்பது, இரைப்பையிற் கரையாமல் குடலிற் கரையும்படி செய்த மாத்திரைக் கூடு. அதிலுள்ள எண்ணெய் 0.2 மில்லிலிட்டர் அளவே. தலைவலிக்கு நெற்றியில் தடவுவதும் நூற்றுக்குப் பத்துப் பங்காகச் சாராயத்திற் கலந்து தயாரித்ததே. கண்ணிலும் புண்ணிலும் படலாகாது.

தாய்மார்களே, இதை மாத்திரம் மறவாதீர்கள். சளி பிடித்த சிசுவின் மூக்கிலோ, முகத்திலோ, மார்பிலோ பெப்பர்மிண்டு எண்ணெயையும் மெந்தால் சேர்ந்த தைலத்தையும் தடவாதீர்கள். பெரியவர்களுக்கு மூச்சைத் திறப்பதாகத் தோன்றும் அக்காரம், குழந்தையின் குரல்வளையைத் திடீரென இறுக்கி மூச்சை நிறுத்திவிடக்கூடும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு இது வேண்டவே வேண்டாம். அன்பினால் செய்யும் காரியம் ஆபத்தாய் முடியலாகாது.

வாந்தியும் பேதியும் கண்டால் புதினா நீரை நம்பிக் காலங்கடத்தாதீர்கள். அப்பொழுது தேகம் இழப்பது நீரும் உப்பும். ஒரு லிட்டர் சுத்த ஜலத்தில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து, சிறுகச்சிறுகக் கொடுங்கள். கடும் வயிற்றுவலி, ஜுரம், மலத்தில் ரத்தம் இவை தோன்றினால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். இரண்டு வாரம் கடந்தும் தீராத அஜீரணத்தையும் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

எண்ணெய்ப் புட்டியின்மேல் பெயரையும், ‘குடிக்கலாகாது, குழந்தைக்குத் தடவலாகாது’ என்பதையும் எழுதி ஒட்டி, சிறுவர் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். கடனுக்கு ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கும் நாம், இந்த எச்சரிக்கையையும் அண்டைவீட்டாருக்கு எடுத்துரைப்பது நம் கடமையாகும்.